முட்டையினுள் புகும் ஒளி



முட்டையை விட்டு வெளிவந்து இரண்டு மூன்று நாள் மாத்திரமே கழிந்த கோழிக்குஞ்சு முற்றத்தில் இரை பொறுக்குவதைப் பார்த்திராதவர் நம் நாட்டில் மிகச் சிலரே. மணலும் சிறு கல்லும் நொய்யும் கலந்து கிடக்கும் இடத்திலே, கல்லை விடுத்து நொய்யை மாத்திரம் அது கொத்தி எடுக்கின்றது. அவ்வேளையில் வானத்திலே பருந்து வட்டமிட்டால், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மேலே நோக்குகின்றது. மறுகணம் தாயின் சிறகை நாடி ஓடுகின்றது. பார்ப்பவருக்கு இவை எளிய செயல்கள். குஞ்சுக்கோ இவை உயிர்ப் பிரச்சினைகள். நொய்யைத் தேடுவதிலேயே கண்ணாக இருந்தால் பருந்துக்கு இரையாகும். பருந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பட்டினியால் மடியும். இவ்விரு வேலைகளையும் ஒரே வேளையில் செய்யும் ஆற்றல் அதற்கு எங்கிருந்து வந்தது? பிறப்பிலே வாய்த்ததா? பழக்கத்தால் வந்ததா? இவ்வினாவுக்கு விடை தேடிச் சென்ற விஞ்ஞானிகள், அவ்விடையின் பெரும்பகுதியை முட்டைக்கோதின் உள்ளேயே கண்டனர். அவ்வரலாற்றை விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதற்கண், குஞ்சு தன் இரு கண்களையும் ஒரே விதமாகப் பயன்படுத்துவதில்லை என்பதை அறிதல் வேண்டும். நொய்யைக் கல்லினின்றும் பிரித்தறியும் வேலையில் அதன் வலக்கண் சிறந்து விளங்குகின்றது. மேலே பறக்கும் பகையைக் கண்காணிக்கும் வேலைக்குப் பெரும்பாலும் இடக்கண்ணே பயன்படுகின்றது. மனிதனின் கண்கள் இரண்டும் முன்னோக்கி அமைந்தவை. கோழியின் கண்களோ தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. ஆகவே ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொரு காட்சியைக் காண்கின்றது. பறவைகளின் பார்வை நரம்புகள் ஏறக்குறைய முற்றாகவே குறுக்கே கடந்து செல்வன. வலக்கண் கண்டது மூளையின் இடப்பாதிக்கும், இடக்கண் கண்டது வலப்பாதிக்கும் முதலிற் சென்று சேரும். எனவே வலக்கண்ணின் திறமை என்பது உண்மையில் மூளையின் இடப்பாதியின் திறமையாகும். கண்களிடையே காணப்படும் தொழிற்பிரிவு மூளையின் இரு பாதிகளுக்கிடையே உள்ள தொழிற்பிரிவின் வெளித்தோற்றமே.

மூளையின் இரு பாதிகளுக்கும் வேறுவேறு தொழில்கள் உண்டு என்ற கருத்து, முதலில் மனிதனைக் கொண்டே எழுந்தது. பிரான்சு நாட்டு வைத்தியராகிய போல் புறோக்கா, பேச்சிழந்த நோயாளரின் மூளைகளை ஆராய்ந்து, பேசும் ஆற்றலுக்கு மூளையின் இடப்பாதியே முக்கியம் என 1860களில் எடுத்துக்காட்டினார். அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மேலாக, இத்தகைய தொழிற்பிரிவு மனிதனுக்கே உரிய பெருமை என்று அறிஞர் பலர் நம்பி வந்தனர். மொழி பேசுபவன் மனிதன். கருவிகளைக் கையாளுபவன் மனிதன். ஆகவே இட வல வேறுபாடும் அவனுக்கே உரியது என்பது அவர்கள் வாதம். 1970களில் அந்நம்பிக்கை தளர்ந்தது. பாடும் பறவைகளின் குரல் நரம்புகளை ஆராய்ந்த பெர்னான்டோ நொட்டெபோம் என்பார், இடப்பக்க நரம்பை அறுத்தால் பாட்டுப் பெரிதும் சிதைவதையும், வலப்பக்க நரம்பை அறுத்தால் சிறிதே சிதைவதையும் கண்டார். அதே தசாப்தத்தின் இறுதியிலே கோழிக்குஞ்சும் இவ்வாராய்ச்சிக்குள் வந்து சேர்ந்தது.

அவுஸ்திரேலிய விஞ்ஞானியாகிய லெஸ்லி றொஜேர்ஸ் அம்மையார், 1979ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார். பொரித்துச் சில நாளே ஆன குஞ்சுகளிலே, மூளையின் ஒரு பாதிக்குள் மாத்திரம் ஒரு மருந்தைச் செலுத்தி, பின்னர் அவற்றைச் சிறு கற்களும் தானியமணிகளும் பரப்பிய தளத்தில் விட்டுப் பார்த்தார். இடப்பாதியில் மருந்து பெற்ற குஞ்சுகள் மணியையும் கல்லையும் பிரித்தறியக் கற்றுக்கொள்ள இயலாமல் திகைத்தன. வலப்பாதியில் அதே மருந்தைப் பெற்ற குஞ்சுகளோ வழக்கம்போலக் கற்றுக்கொண்டன. இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றல்ல என்பது இதனால் உறுதியாயிற்று. ஆனால் அவ்வேறுபாடு எப்பொழுது, எவ்வாறு உண்டாகின்றது என்ற வினா எஞ்சி நின்றது.

விடையை அறிய, அடைவைத்த முட்டையினுள் நிகழ்வதைச் சிறிது நோக்குதல் வேண்டும். கோழி முட்டை பொரிப்பதற்கு 21 நாள் செல்லும். கடைசிச் சில நாள்களில், வளர்ந்துவிட்ட குஞ்சு முட்டையின் இடம் முழுவதையும் நிரப்பிக்கொள்கின்றது. தலையை ஒரு பக்கம் திருப்பி, அலகை வலச் சிறகின் கீழே செருகி, உடலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கின்றது. இந்நிலையிலே அதன் இடக்கண் தன் உடம்பினாலேயே மறைக்கப்படுகின்றது. வலக்கண்ணோ கோதின் பக்கமாக வெளியே நோக்கி இருக்கின்றது. முட்டைக்கோது வெளிச்சத்தை முற்றாகத் தடுப்பதன்று. முட்டையை விளக்கின் முன்னே பிடித்து, உள்ளே கரு வளர்ந்திருக்கின்றதா என்று பார்க்கும் வழக்கம் உடையவர்களுக்கு இது புதிய செய்தியுமன்று. அடைக்கோழி இரை தேடியும் நீர் அருந்தவும் கூட்டைவிட்டு எழுந்து செல்லும் சிறு இடைவேளைகளிலே, பகலின் வெளிச்சம் கோதினூடே ஊடுருவி உள்ளே செல்கின்றது. சென்று சேர்வது வலக்கண்ணை மாத்திரமே. இடக்கண் இருளிலேயே கிடக்கின்றது.

இச்சிறு வேறுபாடே காரணமாக இருக்குமோ என்று ஐயுற்ற றொஜேர்ஸ், முட்டைகளை இரு கூட்டங்களாகப் பிரித்தார். ஒரு கூட்டம் வெளிச்சம் பெற்றது. மற்றது இருளிலேயே அடைகாக்கப்பட்டது. வெளிச்சம் பெற்ற முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகள், முன்கூறிய வலக்கண் சிறப்பை ஒருங்கே காட்டின. இருளில் வளர்ந்த குஞ்சுகளின் கூட்டத்திலே, மணி பொறுக்கும் வேலையில் அத்தகைய பொதுச் சாய்வு காணப்படவில்லை. 1982இல் வெளிவந்த இம்முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. நெடுநாள் வெளிச்சம் வேண்டியிருந்ததா எனில், அதுவும் இல்லை. பொரிப்பதற்கு முந்திய கடைசி நாள்களில் ஏறக்குறைய 2 மணித்தியால வெளிச்சமே போதுமானதாக இருந்தது.

எனினும், வெளிச்சம்தான் காரணம் என்று துணிந்து கூற மேலும் ஒரு சான்று வேண்டும். வலக்கண்ணில் இயல்பாகவே ஏதோ சிறப்பு அமைந்திருக்கக் கூடுமன்றோ? இவ்வையத்தை நீக்க, பொரிக்கும் தறுவாயில் இருந்த முட்டையின் கோதைச் சிறிது திறந்து, குஞ்சின் தலையை மெல்ல வெளியே எடுத்து, வலக்கண்ணை மூடி இடக்கண்ணுக்கு வெளிச்சம் படும்படி செய்தார்கள். விளைவு தலைகீழாயிற்று. இக்குஞ்சுகளில் மணி பொறுக்கும் திறமை இடக்கண்ணுக்குச் சென்றது. ஆகவே இன்ன கண் சிறக்கவேண்டும் என்ற ஆணை அக்கண்ணில் எழுதப்பட்டிருக்கவில்லை. உரிய வேளையில் ஒளி பெற்ற கண்ணே சிறந்தது.

ஒளி எவ்வாறு இவ்வேலையைச் செய்கின்றது? கண்ணிலிருந்து மூளையின் மேற்பகுதிக்குச் செல்லும் பாதைகள் பொரிக்கும் காலத்தை அண்டியே பின்னப்படுகின்றன. ஒளிபெற்ற கண்ணின் நரம்புகள் அக்காலத்தில் மிகுதியாகத் தொழிற்படுகின்றன. அதனால் அக்கண்ணுக்குரிய பாதையில் இணைப்பு இழைகள் அதிகமாகின்றன. வெளிச்சம் பெற்ற குஞ்சுகளின் மூளைகளை ஆராய்ந்தபொழுது, வலக்கண்ணைச் சேர்ந்த இழைகள் இடக்கண்ணைச் சேர்ந்தவற்றினும் மிகுதியாய் இருக்கக் கண்டனர். வயலிலே முதலில் நீர் பாய்ந்த வாய்க்கால் ஆழமாகி, பின்வரும் நீரையும் தன்பால் ஈர்ப்பதை இதற்கு உவமையாகக் கூறலாம்.

தாயின் நிலையும் இதிலே பங்கு கொள்ளக்கூடும். கோழி அச்சத்திலோ நெருக்கடியிலோ வாழும்பொழுது அதன் இரத்தத்தில் மிகும் ஓமோன், முட்டையினுள்ளும் சிறிது சென்று சேரும். வெளிச்சம் படுமுன் அத்தகைய ஓமோனை முட்டையினுள் செலுத்திப் பார்த்தபொழுது, பின்னர் வெளிச்சம் கொடுத்தும் நரம்பிழைகளின் இட வல வேறுபாடு உண்டாகவில்லை. ஒளி கதவைத் தட்டினாலும் உள்ளிருப்பவர் திறக்கும் நிலையில் இருத்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இவற்றையெல்லாம் கேட்பவர், அப்படியானால் இஃது முழுவதும் சூழலின் செயல். பரம்பரைக்கு இதில் இடமில்லை என்று முடிவு செய்யக்கூடும். அம்முடிவு அவசர முடிவாகும். வலக்கண் வெளியே நோக்கும்படி குஞ்சு ஏன் கிடந்தது? எல்லாக் குஞ்சுகளும் ஏறக்குறைய ஒரே பக்கமாகத் திரும்பிக் கிடப்பது தற்செயலன்று. அடைவைத்த முதற் சில நாள்களிலேயே கரு ஒரு பக்கமாகத் திரும்புகின்றது. அதற்கும் முன்னரே, உடலின் இடப்பக்கத்தில் சில பரம்பரை அலகுகளும் வலப்பக்கத்தில் வேறு சிலவும் தொழிற்படத் தொடங்குகின்றன. இதயம் எப்பக்கம் வளையவேண்டும் என்பதை நிர்ணயிப்பதும் அவ்வரிசையே. இவ்வுண்மை முதன்முதலாக வெளிப்பட்டதும் கோழிக் கருவிலேயாம். அமெரிக்காவிலே நடந்த அவ்வாராய்ச்சி 1995இல் வெளிவந்தது.

ஆகவே பரம்பரை, குஞ்சை ஒரு பக்கமாகக் கிடத்துகின்றது. கிடக்கும் நிலை, ஒரு கண்ணை வெளிச்சத்துக்குக் காட்டுகின்றது. வெளிச்சம், அக்கண்ணுக்குரிய பாதையை வளர்க்கின்றது. பாதை, பின்வரும் வாழ்வில் தொழிற்பிரிவாக வெளிப்படுகின்றது. இச்சங்கிலியிலே எந்த வளையம் முக்கியம் என்று வினவுவது பொருந்தாது. ஒன்று அறுந்தாலும் முடிவு மாறிவிடும். இயற்கையாகக் கூட்டில் அடைகாக்கப்படும் முட்டைகளுக்கு எல்லாம் பகலும் உண்டு, எழுந்து செல்லும் தாயும் உண்டு. அதனாலேயே தலைமுறை தலைமுறையாக ஒரே முடிவு தோன்றி வந்திருக்கின்றது. மாறாமல் தோன்றும் ஒன்றைக் கண்டு, அது முற்றிலும் பிறவிக்குணம் என்று மனிதர் எண்ணியது இயல்பே.

கோழியின் இட வல வேறுபாடுகள் எல்லாவற்றுக்கும் ஒளியே காரணம் என்றும் கூறிவிடல் ஆகாது. இருளில் வளர்ந்த குஞ்சுகளிலும் வேறு சில வேறுபாடுகள் தென்படவே செய்கின்றன. ஒளி சிலவற்றை உண்டாக்குகின்றது, சிலவற்றை வலுப்படுத்துகின்றது, சிலவற்றைத் தொடாமலே விடுகின்றது.

இத்தொழிற்பிரிவினால் குஞ்சுக்கு யாது பயன்? லெஸ்லி றொஜேர்ஸும், இத்தாலி நாட்டு ஆராய்ச்சியாளராகிய பாவோலோ சூக்காவும் ஜோர்ஜியோ வல்லோர்த்திகாராவும் இணைந்து 2004இல் வெளியிட்ட பரிசோதனை இதற்கு விடை தருகின்றது. வெளிச்சம் பெற்ற குஞ்சுகளையும் இருளில் வளர்ந்த குஞ்சுகளையும் கல்லும் மணியும் கலந்த தளத்தில் விட்டனர். மணி பொறுக்குவது மாத்திரமே வேலையாக இருந்தபொழுது இரு கூட்டத்துக்கும் வேறுபாடு இல்லை. பின்னர், குஞ்சுகள் இரை பொறுக்கும்பொழுதே பறக்கும் வல்லூறு போன்ற உருவம் ஒன்றை மேலே அசையச் செய்தனர். வெளிச்சம் பெற்றவை ஒரு பக்கம் மேலேயும் கவனித்து, மறுபக்கம் மணியையும் சரியாகப் பொறுக்கக் கற்றன. இருளில் வளர்ந்தவை இரண்டிலும் தடுமாறின. பரிசோதனை நீள நீள அவற்றின் தடுமாற்றமும் மிகுந்தது.

இதிலே ஊன்றிக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. வேலை ஒன்றாக இருக்கும்வரை குறை வெளிப்படவில்லை. அமைதியான கூண்டிலே, பருந்து இல்லாத வானத்தின் கீழே, இரு கூட்டமும் ஒன்றுபோலவே தோன்றின. வாழ்க்கை இரு பக்கமும் இழுக்கத் தொடங்கியபொழுதே, முட்டைக்குள் பெற்றதும் பெறாததும் வெளிப்பட்டன. கூட்டமாக வாழும் குஞ்சுகளிடையேயும் இதன் விளைவு காணப்பட்டது. எந்தக் குஞ்சு முந்தி உண்பது, எது பின்னிற்பது என்ற வரிசை, வெளிச்சம் பெற்ற குஞ்சுகளின் கூட்டத்தில் உறுதியாக நிலைத்தது. இருளில் வளர்ந்தவற்றின் கூட்டத்தில் அவ்வளவு நிலைக்கவில்லை.

புறாவின் வரலாறு இதனோடு ஒப்பிடத்தக்கது. கோழிக்குஞ்சு பொரித்தவுடனே நடமாடுவது. புறாக்குஞ்சோ கண் திறவாமல், கூட்டிலே தாய் தந்தையரை நம்பிக் கிடப்பது. ஆகவே அதன் பார்வைப் பாதைகள் பொரித்த பின்னரும் நெடுநாள் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. ஜேர்மனியின் போகும் நகரிலே ஒனூர் குண்டுர்க்கூன் என்பாரும் அவரைச் சேர்ந்தோரும் புறாக்களை ஆராய்ந்தனர். புறாவிலும் மணியைப் பிரித்தறிவதில் வலக்கண்ணே சிறந்தது. இருளில் அடைகாத்தால் அச்சிறப்பு உண்டாவதில்லை. ஆனால் பொரித்த பின்னரும் வலக்கண்ணை 10 நாள் மூடிவைத்தபொழுது, அப்பறவைகள் வளர்ந்த பின் சிறப்பு இடக்கண்ணுக்கு மாறியிருந்தது. கோழியில் கோதினுள்ளேயே பெரும்பாலும் முடிந்துவிடும் அப்பருவம், புறாவில் கூட்டுக்குள்ளும் நீள்கின்றது. எந்த உயிருக்கும் மாறத்தக்க பருவம் ஒன்று உண்டு. அதன் எல்லை உயிருக்கு உயிர் வேறுபடும்.

எலியிலோ வேறொரு பாடம் கிடைக்கின்றது. அமெரிக்காவிலே றொபேட் கொலின்ஸ் என்பார், ஒடுங்கிய குழாயினுள் உணவை வைத்து, சுண்டெலிகள் எந்தக் கையை நீட்டி அதை எடுக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார். ஒவ்வோர் எலியும் ஏதாவது ஒரு கையையே பெரிதும் விரும்பியது. ஆனால் கூட்டத்தை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய பாதி இடக்கை, பாதி வலக்கை. பரம்பரையில் ஒன்றுக்கொன்று வேறுபாடில்லாத எலிகளிலும் இதுவே நிலை. இடக்கை எலிகளையே தேர்ந்து தலைமுறைகளாக இனம் பெருக்கியும், குட்டிகள் மீண்டும் பாதிக்குப் பாதியாகவே பிரிந்தன. பின்னர் அவர் குழாயைக் கூட்டின் ஒரு பக்கச் சுவரோடு சேர்த்துவைத்து, ஒரு கைக்கே வசதியான உலகை அமைத்தார். பெரும்பாலான எலிகள் அவ்வசதிக்கு இணங்கின. ஆயினும் ஏறத்தாழ 10 வீதமானவை, வசதியைப் பொருட்படுத்தாது தம் கையையே நீட்டின. சூழல் வலியது, ஆயினும் அதற்கு வளையாத ஓர் உறுதி உயிருக்குள்ளே இருந்துகொண்டே இருக்கின்றது.

இனி, மனிதக் குழந்தையைப் பற்றி ஒரு சொல். கோழிக்குஞ்சின் கதையை அப்படியே மனிதனுக்குப் பொருத்துதல் தவறு. மனிதக் குழந்தையின் கைப்பழக்கம் கண்ணில் பட்ட ஒளியால் அமைவதென்று கொள்ள ஆதாரமில்லை. ஆயினும் அதுவும் பிறப்பதற்கு முன்பே தொடங்குகின்றது. வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரிலே பீற்றர் ஹெப்பர் என்பாரும் துணைவரும், கருப்பையிலுள்ள சிசு எந்தக் கைப் பெருவிரலைச் சூப்புகின்றது என்பதை ஒலியலைப் படத்தால் கண்டு குறித்துவைத்தனர். அப்பிள்ளைகளுள் 75 பேரை, 10 முதல் 12 வயதுவரையான பருவத்தில் மீண்டும் பார்த்து, 2005இல் முடிவை வெளியிட்டனர். வலப் பெருவிரலைச் சூப்பிய 60 பேரும் வலக்கையராகவே வளர்ந்திருந்தனர். இடப் பெருவிரலைச் சூப்பிய 15 பேருள் 10 பேர் இடக்கையர். 5 பேர் வலக்கையர். எழுதுகோலைப் பிடிக்க எவரும் கற்பிப்பதற்கு நெடுங்காலம் முன்னரே, கை தன் சாய்வைப் பெற்றுவிடுகின்றது என்பதற்கு இஃது ஒரு சான்று. அச்சாய்வு எல்லோரிடத்தும் மாறாததன்று என்பதற்கு அவ்வைந்து பிள்ளைகளே சான்று.

இடக்கையால் எழுதும் பிள்ளையின் கையிலே அடித்து வலக்கைக்கு மாற்றும் வழக்கம் உலகின் பல நாடுகளிலே நெடுங்காலம் நிலவியது. அவ்வாறு செய்தவர் பெரும்பாலும் தீயவர் அல்லர். பிள்ளை பிடிவாதத்தினால் அவ்வாறு எழுதுகின்றது என்று நம்பியவர்களே. மனிதரிலே பத்துப் பேருள் ஒருவர் இடக்கையர். அவருடைய கை ஒழுங்கீனத்தினால் அவ்வாறாகவில்லை; அன்னையின் வயிற்றிலேயே தொடங்கிய வளர்ச்சியின் வழியே அது வந்தது. இதனை உணர்ந்த பெற்றோரும் ஆசிரியரும் அக்கையைத் திருப்ப முயலாமல், அக்கைக்கு ஏற்ப இருக்கையையும் தாளையும் திருப்பி வைப்பர்.

கோழி வளர்ப்போருக்கும் இவ்வாராய்ச்சியிலே ஒரு செய்தி உண்டு. பொரிக்கும் யந்திரங்களிலே முட்டைகள் பெரும்பாலும் இருளிலேயே வைக்கப்பட்டு வந்துள்ளன. சூடும் ஈரமும் சரியாக இருந்தால் குஞ்சு பொரிக்கும், எண்ணிக்கையும் குறையாது. ஆகவே வெளிச்சம் வேண்டுமா என்ற வினாவே நெடுங்காலம் எழவில்லை. அடைகாலத்தில் வெளிச்சம் பெற்ற குஞ்சுகள் அச்சமும் கலக்கமும் குறைந்து காணப்பட்டதாக ஆய்வுகள் சில கூறுகின்றன. தாய்க்கோழி இரை தேட எழுந்து சென்ற சிறு பொழுதைக் கவனக்குறைவு என்று நினைத்து, யந்திரம் அதைத் திருத்தியது. அப்பொழுதிலேதான் குஞ்சுக்கு வேண்டிய ஒன்று முட்டைக்குள்ளே சென்றது என்பது பின்னரே தெரியவந்தது.

இளமைப் பருவத்தைக் காக்கும் பொறுப்புடையோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. அப்பருவத்திலே பெரிதாகத் தோன்றும் ஏற்பாடுகள் சில பயனின்றிப் போகலாம். எவரும் கணக்கில் கொள்ளாத இரண்டு மணித்தியால வெளிச்சம் வாழ்நாளின் வழியை வகுக்கலாம். அவ்வெளிச்சம் வரும்பொழுது வந்தால் போதும். பருவம் கடந்தபின் பகல் முழுவதும் வந்தாலும் அதே பயனைத் தராது. முற்றத்திலே நொய் பொறுக்கியபடியே ஒரு கண்ணால் வானத்தைப் பார்க்கும் சிறு குஞ்சு, இவ்வுண்மைக்கு அன்றாடம் காணக் கிடைக்கும் சாட்சியாகும்.